மூன்றாவது மெழுகுதிரி

வாசகி ஒருவர் கொப்பித் தாளில் நான்கு பக்கம் எழுதி, அதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் சேற்றுக் கையின் பெருவிரல் அடையாளம் ஒன்று தெளிவாகப் பதிந்திருந்தது. ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விசயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். இவர் பிறந்ததிலிருந்து கத்தோலிக்கர், கணவர் கலியாணத்துக்காகத் திருமுழுக்குப் பெற்றவர். அதே வீட்டில் இருக்கிற மாமி சைவம். 12 வயதில் மகள், 7 வயதில் மகன். காலபோக நெற்பயிர் வளரத் தொடங்கியதும், அதைத் தின்ன வரும் பன்றிக்கு இரவு முழுக்கக் காவல், அவரும் கணவரும் முறை மாறி.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முந்திய கிழமைகளான திருவருகைக் காலம் தொடங்கியபோது மகள் ஒரு தயிர்ச்சட்டியில் மணல் நிரப்பி, சுற்றிவர வேப்பங்குழை செருகி, ஞாயிறுக்கு ஒன்றாக நாலு மெழுகுதிரி நட்டு, திருவருகை வளையம் செய்திருக்கிறாள். சுவிசில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் செய்தது. கடையில் வெள்ளை மட்டும்தான் இருந்ததாம், அதனால் மூன்றுக்கு ஊதாத் தாளும் மூன்றாவது ஞாயிறுக்குரியதற்கு ரோசாத் தாளும் சுற்றியிருக்கிறாள். முதல் ஞாயிறு ஒன்று கொளுத்திச் செபம் சொன்னார்கள். அப்புறம் இரண்டாம் கிழமை ஒரு இரவு கரண்ட் போனது. கணவர் இருட்டில் கைக்கு அகப்பட்ட மெழுகுதிரியைப் பிடுங்கி, தாளை உரித்து, ரோச் பற்றரி தேடக் கொளுத்தினார். அப்படியே மேசையில் விட்டுவிட்டு நித்திரை. விடியப்புறம் வயலால் வந்த இவர் கண்டது மேசையில் உறைந்துபோன மெழுகும் சட்டியில் ஒரு ஓட்டையும். "ஆரடி இது?" என்று கேட்டவர், மறுமொழி வரமுதல் நித்திரைப் பாயிலிருந்து எழும்பி வந்த மகளின் கன்னத்தில் அறைந்துவிட்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் வைத்தாள். இன்றைக்கு ஆறு நாள், கேட்டதற்கு மட்டும் பதில்.

அவர் கேட்பவை இவை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், இனி அடுத்த வருசம்தானா? இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, அது பாவமா? மாமி இதே நாட்களில் பிள்ளையார் கதை விரதம் பிடிக்கிறா, ஒருநாளும் பிசகுவதில்லை, "உங்கட சமயத்தில விரதமே இல்லையோ பிள்ளை?" என்று கேட்கிறா, என்ன சொல்ல? கணவர் நத்தாருக்கு ஒரு லட்சம் குழுக்கடன் எடுப்போம் என்கிறார், ஒப்பம் வைக்கவா? கடைசியில், கடிதத்தின் விளிம்பில் குறுக்காக எழுதிய ஒரு வரி: "அண்ணா 2009க்குப் பிறகு இல்லை. அம்மா இன்னும் கோப்பை கழுவி வைக்கிறா. பாதர் பிரசங்கத்தில் காத்திருங்கள், காத்திருங்கள் என்று சொல்லேக்க எனக்கு எரிச்சல்தான் வருது."

தங்கச்சி, நான் உளவளத்துணையாளர், குரு இல்லை. பாவம் புண்ணியத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நானும் கிளிநொச்சிப் பக்கம் கோயில் பாடல்குழுவில் வளர்ந்தவள்தான். 2008ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் எங்கள் குடும்பம் போரில் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. வளையமும் இல்லை, ஊதா மெழுகுதிரியும் இல்லை. அது இல்லாமல்போன கவலைகூட எங்களுக்கு இருக்கவில்லை என்பது இப்போது நினைத்தால் புதினமாக இருக்கிறது.

வளையத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? உங்கள் கடிதத்தை வாசிக்க, அது ஏதோ ஆதித் திருச்சபை எழுதிவைத்த சட்டம், ஒரு மெழுகுதிரி குறைந்தால் முழுவதும் செல்லாது என்று நீங்கள் நினைப்பது போல இருக்கிறது. அப்படியில்லை. 1839இல் ஜெர்மனியில் ஹம்பேர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற புரட்டஸ்தாந்து போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். பிள்ளைகள் "நத்தார் எப்ப, நத்தார் எப்ப" என்று ஒவ்வொரு நாளும் அரித்தெடுத்ததால், ஒரு பழைய வண்டில் சில்லை எடுத்து, கிழமை நாட்களுக்குச் சின்ன மெழுகுதிரியும் ஞாயிறுகளுக்குப் பெரியதும் வைத்து, எண்ணிப் பாருங்கள் என்று விட்டார் என்று சொல்வார்கள். கத்தோலிக்கர் அதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான். ஊதாவும் ரோசாவும் குருவானவரின் பூசை உடுப்பு நிறத்திலிருந்து பிறகு வந்து ஒட்டியது. ஆக, உங்கள் மகளின் தயிர்ச்சட்டி சுவிஸ் மச்சாளின் கடை வளையத்தைவிட அந்த வண்டில் சில்லுக்குக் கிட்ட நிற்கிறது.

காவலும் காத்திருப்பும்

இன்னொரு பிழையான எண்ணம், திருவருகைக் காலம் என்றால் நத்தாருக்கு முந்திய நாலு கிழமை ஆயத்தம் என்பது. பாதிதான் சரி. டிசம்பர் 16 வரைக்கும் பூசை வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவர் இனி வரப்போவதைப் பற்றியே பேசும், பாலன் பிறப்புக்குக் கிட்டப் போவது 17ஆம் திகதியிலிருந்துதான். 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து இந்த இரண்டு வருகைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்: ஒருவருக்கும் தெரியாமல், இன்றைக்கு, ஒரு மனிதருக்குள்ளே நடக்கிற வருகை. முதல் வருகை நடந்து முடிந்தது, கடைசி வருகை எங்கள் கையில் இல்லை. வீட்டில் செய்ய ஏதாவது இருக்கிறதென்றால் அது இந்த நடு வருகையில்தான்.

தமிழில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. காத்தல், காவல், காத்திருத்தல் எல்லாம் 'கா' என்ற ஒரே வேரில் முளைத்தவை. பஸ்சுக்கு நிற்கிறவர் கைகட்டி நிற்கலாம், வயல் காக்கிறவரால் முடியுமா? மாற்கு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற கதை காவல்காரரைப் பற்றியது. வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார், ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார், வாசல் காவலாளியை விழித்திருக்கச் சொல்கிறார். திரும்பி வருவது மாலையிலோ, நடுச்சாமத்திலோ, சேவல் கூவும்போதோ, விடியவோ தெரியாது. உரோமர் இரவை நாலு காவலாகப் பிரித்த கணக்கு அது. இதைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுகிற எங்களில் எத்தனை பேர் அந்த நாலு சாமமும் கொட்டிலில் கண் விழித்தவர்கள்? நீங்கள் விழித்திருக்கிறீர்கள். தகரத்தில் தட்டி, நெருப்பு அணையாமல் பார்த்து, வரம்பில் சரசரப்புக் கேட்டால் ரோச் அடித்து. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டில், திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு வருகிற யாக்கோபு திருமுகமும் பொறுமைக்கு ஆளாகக் காட்டுவது துறவியை இல்லை, கமக்காரரை. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பார்த்திருக்கிற கமக்காரர். அந்த வாசகத்தை வன்னியில் மாரி மழைக்குள் நின்று வாசிக்கும்போது விளக்கவுரை தேவைப்படாது.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே வயல் காவலே செபம், கோயிலுக்கு வராவிட்டால் பரவாயில்லை" என்று முடிப்பது லேசு. நான் முடிக்கமாட்டேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, சனி பின்னேரப் பூசை கண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்கிறது. குரு இல்லாமலோ வேறு பாரதூரமான காரணத்தாலோ போகவே முடியாவிட்டால், குடும்பமாக ஓரளவு நேரம் செபத்தில் இருக்கச் சொல்கிறது. 2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து எங்கள் பக்கம் வெள்ளம் புகுந்தபோது ஒருவரும் பூசையைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தங்கச்சி, பன்றி இரவில்தானே வரும்? பூசை ஏழு மணிக்கு. நீங்கள் ஆறு மணிக்கு வந்து படுக்கிறீர்கள், களைப்பு, அது எனக்கு விளங்குகிறது. அதைப் பாதரிடம் அப்படியே சொல்லுங்கள். "போக முடியவில்லை" என்று ஒரு சொல்லில் மூடிவிடாமல், "மூன்று மணித்தியாலம்தான் நித்திரை, எழும்ப ஏலவில்லை" என்று. உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சனிகளில் காவல் முறையைக் கணவருக்கு மாற்றலாமே. நத்தாருக்கு முதல் எல்லாப் பங்கிலும் பாவசங்கீர்த்தனம் வைப்பார்கள். நன்மை (நற்கருணை) எடுக்கலாமா என்ற கேள்வியை அங்கே கேளுங்கள், என்னிடமோ அன்பியச் செபக்குழுப் பெண்களிடமோ கேட்க வேண்டாம்.

கன்னத்தில் விழுந்த அறை

இனித்தான் நான் எழுத வந்த விசயம். கடிதத்தில் நீங்கள் "திருவருகைக் காலத்தைக் கெடுத்துவிட்டேன்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "மகளுக்கு நொந்திருக்கும்" என்று ஒரு இடத்தில்தான். குத்திக்காட்ட எண்ணவில்லை, எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். நீங்கள் அடித்தது மெழுகுதிரிக்காகவும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு மாதம் நித்திரை இல்லை, கடன் பேச்சு, மாமியின் கேள்வி, மச்சாளின் படம். வீட்டில் ஒரே ஒரு பொருள் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பியிருந்தீர்கள், அதுவும் போய்விட்டது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. எங்கள் ஊரில் பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு பயம் இருக்கிறது. என் அனுபவத்தில் நான் கண்டது மறுவளம். பிழையாக அடித்த அம்மா அதை வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டால், பிள்ளை அதை மறப்பதில்லை, தன்னில் ஏதோ பிழை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இன்றைக்கே, தனியாக, அவள் பாத்திரம் கழுவும்போதோ தலை இழுக்கும்போதோ பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்: "அண்டைக்கு நான் அடிச்சது பிழை. நீ ஒண்டும் செய்யேல்ல. கேக்காமல் கை நீட்டிட்டன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனால் அம்மாவுக்கு எவ்வளவு வேலை தெரியுமா" என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே கெட்டுவிடும். அவள் உடனே வந்து கட்டிப்பிடிக்க வேண்டும் என்றும் பார்க்காதீர்கள். 12 வயது, ரோசம் இருக்கும், இன்னும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருக்கலாம். இருக்கட்டும். புது உடுப்பு வாங்கிக்கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம்.

மெழுகுதிரியைக் கொளுத்தியவரும் ஒரு சொல் சொல்ல வேண்டும், இல்லையா? கணவர் தன் வாயால் "நான்தான் பிள்ளை எடுத்தனான்" என்று அவளிடம் சொல்லட்டும். முழுவதையும் நீங்களே தலையில் சுமக்கத் தேவையில்லை.

சட்டியை நீங்கள் எடுத்து வந்து திரும்ப மேசையில் வைக்காதீர்கள். அது அவள் செய்தது, அவளே கொண்டுபோய் வைத்தாள். கேளுங்கள், "திரும்ப வைப்பமா?" என்று. மாட்டேன் என்றால் அந்த இடத்தில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு போதும். திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் நின்று ஆண்டவரின் பாதையைச் சரிப்படுத்துங்கள் என்று கத்தியது ஊதாத் தாளைப் பற்றி இல்லை. உங்கள் வீட்டில் அந்தப் பாதை இப்போது குசினிப் பின்பக்கம், விறகுக் குவியல் வழியாகப் போகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடித்தது இந்த ஒரு தடவைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது திரும்பத் திரும்ப வந்தாலோ, காவல் இல்லாத இரவிலும் நித்திரை வராவிட்டாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, அதைத் திருவருகைக் காலத்துச் சோதனை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி எண். செபமும் வேண்டும், மருந்து தேவையென்றால் அதுவும் வேண்டும்.

மாமியின் விரதம், கணவரின் ஒரு லட்சம்

மாமிக்குச் சொல்ல மறுமொழி இருக்கிறது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் பல இடங்களில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் முடிய, நத்தார் வரைக்கும் ஒருசந்தி பிடித்தவர்கள். இப்போது கத்தோலிக்கருக்கு இந்தக் காலத்தில் அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பிடிக்கலாம். ஆனால் இந்த மறுமொழியைச் சொல்லி வெல்ல வேண்டுமா என்று யோசியுங்கள். 21 நாள் ஒரு நேரச் சாப்பாட்டோடு கதை படிக்கிற வயதுபோன மனுசி அவ. உங்கள் பிள்ளைகள் மோதகத்துக்காக என்றாலும் பக்கத்தில் போய் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவவின் கேள்வி நக்கலாக இருக்கலாம், உண்மையிலேயே அறிய விரும்பியதாகவும் இருக்கலாம். "இருக்கு மாமி, இந்த வருசம் நான் சரியாப் பிடிக்கேல்ல" என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள், கதை எங்கே போகிறதென்று. பிடிக்க ஆசை வந்தால் வெள்ளிக்கிழமை இறைச்சி மீனை விடுங்கள், போதும். காவல் இருக்கிற உடம்பைப் பட்டினி போடாதீர்கள்.

கடன் விசயத்தில் எனக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை: எடுக்க வேண்டாம். கணவரின் பக்கமும் எனக்கு விளங்குகிறது, கலியாணத்துக்காக மதம் மாறிய மனுசனுக்கு உங்கள் ஆட்களின் முன்னால் நத்தாரைக் குறைவில்லாமல் காட்ட வேண்டும் என்று இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நீங்கள் எழுதியபடி ஒரு லட்சம், 52 கிழமை, கிழமைக்கு 2,500. மொத்தம் 130,000. "வட்டி முப்பது வீதம்தானே" என்று கணவர் சொல்கிறார். ஒரு லட்சமும் வருசம் முழுக்க உங்கள் கையில் இருந்தால்தான் அது முப்பது. நீங்களோ அடுத்த கிழமையே கட்டத் தொடங்குகிறீர்கள், சராசரியாகப் பார்த்தால் பாதிக் காசுதான் கையில் நிற்கிறது. அப்படிக் கணக்குப் போட்டால் உண்மையான வருட வட்டி 50 வீதத்தையும் தாண்டும். வயலில் காசு வருவது அரிவி வெட்டு முடியத்தான், அதற்கு முதல் எட்டுப் பத்துத் தவணை எதிலிருந்து கட்டுவீர்கள்? கட்டாவிட்டால் குழுவில் உங்களுக்காகப் பிணை நிற்கிற மற்றப் பெண்கள் கட்ட வேண்டிவரும், அதற்குப் பிறகு அதே பெண்களோடுதான் கோயில் வாங்கிலும் இருக்க வேண்டும். உங்கள் ஒப்பம் இல்லாமல் உங்கள் பெயரில் கடன் எடுக்க முடியாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எப்படியும் எடுப்பதென்று போனால், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவது, பிந்தினால் தண்டம் எவ்வளவு என்று தமிழில் எழுத்தில் வாங்காமல் ஒப்பம் வைக்காதீர்கள். அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்றும் கேளுங்கள்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு உடுப்பு, கையில் இருக்கிற காசில். பெரியவர்களுக்குப் போன வருசத்தது. திருவருகைக் காலத்தில் உடுப்பைப் பற்றி வாசிக்கப்படுவதில் எனக்கு நினைவில் நிற்பது ஒன்று: லூக்கா மூன்றாம் அதிகாரம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும்.

கடைசியாக, விளிம்பில் எழுதிய அந்த வரி. அதை விளிம்பில் எழுதியதிலேயே எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. உங்கள் எரிச்சலுக்கு நான் மருந்து சொல்லப்போவதில்லை, அது நியாயமான எரிச்சல். அம்மா கோப்பை கழுவி வைப்பதையும் பாலன் பிறப்புக்குக் காத்திருப்பதையும் ஒரே சொல்லுக்குள் போட்டு "பொறுமையாக இருங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. நத்தாருக்குத் திகதி இருக்கிறது. அம்மாவுக்கு அது இல்லை, இறந்தார் என்றும் சொல்லாமல் இருக்கிறார் என்றும் சொல்லாமல் விடப்பட்டவருக்காக அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. ஆனால் இதே காலத்து வாசகங்களுக்குள் எரிச்சலும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுச் சுழற்சியில் முதல் ஞாயிறு வாசகத்தில் எசாயா, நீர் வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று கடவுளிடமே சண்டை பிடிக்கிறார். சிறையில் கிடந்த யோவான், வரவேண்டியவர் நீர்தானா, நாங்கள் வேறொருவரைப் பார்த்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து தெருவோரம் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கிய அம்மாமாரும் காத்திருந்தார்கள்தான், வாய் மூடிக்கொண்டு இல்லை. கேட்பதை நிறுத்தச் சொல்கிற காத்திருப்பு வேதாகமத்தில் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. முடிந்தால் பாதரிடம் ஒருநாள் போய், உங்கள் பிரசங்கம் எனக்கு இப்படிக் கேட்டது என்று சொல்லுங்கள். அவருக்கும் அது தெரிய வேண்டும். கொளுத்துவது எந்த விளக்காக இருந்தாலும், அதன் முன்னால் அண்ணாவின் பெயரைச் சொல்லுங்கள், அம்மா கேட்கும்படி.

இன்னும் இரண்டு கிழமைக்குக் கிட்ட இருக்கிறது. மேசையில் உறைந்த மெழுகைச் சுரண்டி எறிந்துவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மகளிடம் கொடுங்கள், சிரட்டையில் போட்டு உருக்கித் திரி வைக்க அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அரிவி வெட்டு முடிய ஒரு கடிதம் போடுங்கள், பன்றி எவ்வளவு தின்றது என்பதையும் சேர்த்து.